ஒரு கைப்பிடி அரிசியில் நடக்கும் சமய வகுப்பு

காவிரிக் கரையோரத்து ஊர்களில் சிவன் கோயிலிலோ பெருமாள் கோயிலிலோ சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு ஆரம்பிப்பது கஷ்டமே இல்லை. வைகாசியில் நல்ல நாள் பார்த்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தால் நாற்பது பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தை அறுப்பு வரைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர் வகுப்பு முதல் வருடத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் 11,000 ரூபாயும் ஆவணி மாதம் முழுவதும் ஒன்றுக்கும் உதவாமல் போயின. இதற்கு முன்னால் செய்து பார்த்தவர்கள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசியிருந்தால் போதும். அப்படி யாரும் கிடைக்கவில்லை. எந்த மாதத்தில் எது இடறும் என்பதை அந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இடம். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமை சும்மாத்தானே கிடக்கிறது, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவுப்படி முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமயப் போதனை கூடாது. தலைமையாசிரியரைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம். கோயில் மண்டபம்தான் சரி. அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, நாள், நேரம், பிள்ளைகளின் வயது, பொறுப்பாளர் இருவரின் பெயர் நான்கையும் குறிப்பிட்டு அனுமதி வாங்கி, நகலை மெய்க்காவலரிடம் கொடுத்து வைக்க வேண்டும். வாய்வார்த்தையில் கிடைத்த அனுமதி அலுவலர் மாறினதும் போய்விடும். நேரம் மாலை 4.15லிருந்து 5.30. நாலு மணிக்கு முன்னால் கல்தளம் சுடும், ஆறு மணிக்குச் சாயரட்சை என்கிற அந்திப் பூசைக்கு மேளம் தொடங்கினால் குரல் எடுபடாது. தண்ணீர்க் குழாய், கழிப்பிடம் இரண்டும் எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அவசரம் வந்தால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. கோயில் குளத்துப் பக்கம் வாசல் இருந்தால் வகுப்பு நேரத்தில் அதைப் பூட்டச் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்கள் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் வரமுடியாத வாரம் வகுப்பு கிடையாது. பிள்ளையைத் தனியாக எந்த மூலைக்கும் எவரும் கூட்டிப்போகக் கூடாது. இதை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிட்டால் நல்லவர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இரண்டு பேருக்கு முப்பது பிள்ளைகள்தான் அளவு. அதற்கு மேல் போனால் கதை சொல்வது போய் அதட்டுவதே வேலையாகும். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் மூன்றிலிருந்து ஐந்து வரை படிப்பவர்களையும் பாட்டுக்கும் கதைக்கும் ஒன்றாக உட்காரவைக்கலாம். கைவேலைக்கு மட்டும் பிரித்துவிட வேண்டும். கதை பன்னிரண்டு நிமிஷம், பாட்டில் வாரத்துக்கு இரண்டே வரி, மீதி நேரம் கையால் செய்கிற காரியம். கடைசியில் சுண்டல். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை போதும், சனிக்கிழமை ராத்திரியே ஊறப்போட்டுவிட வேண்டும்.

இனி எதைச் சொல்லிக்கொடுப்பது? பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை பாட்டு மனப்பாடம் பண்ண வைப்பீங்க?” என்பதுதான். அவர்கள் கணக்கில் பாட்டு நிறையத் தெரிந்தால் பிள்ளை நல்ல பிள்ளை. கோளறு பதிகத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிற பையன் மண்டபத்தை விட்டு இறங்கினதும் படுத்திருக்கிற நாயின் மேல் கல்லை விடுவதைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். பாட்டின் மேல் குற்றமில்லை, பாட்டோடு கைக்கு வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். எங்கள் வகுப்புக்கு வருடம் முழுவதும் ஒரே திருமந்திரப் பாட்டு முதுகெலும்பாக இருந்தது: ‘யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை, யாவர்க்குமாம் பசுவுக்கு ஒரு வாயுறை, யாவர்க்குமாம் உண்ணும்போது ஒரு கைப்பிடி, யாவர்க்குமாம் பிறர்க்கு இன்னுரை தானே.’ நாலு வரி, நாலு வேலை: சாமிக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்த் தீனி, சாப்பிடும் முன்னால் பிறருக்கு ஒரு பிடி, மற்றவரிடம் இனிய சொல். எந்த வீட்டுப் பிள்ளைக்கும் காசில்லாமல் முடிகிற வேலை. மற்ற தேவாரமும் திருப்பாவையும் கதைகளும் அந்தந்த வேலையோடு வந்து ஒட்டிக்கொள்ளும்.

வைகாசி, ஆனியில் பச்சிலை. நந்தவனத்தில் பிள்ளைகளை விடுவதற்கு முன்னால் அரளிச் செடி எங்கே என்று பாருங்கள். சிவன் கோயிலில் கட்டாயம் இருக்கும். செவ்வரளியும் சரி, மஞ்சளரளியும் சரி, பால், இலை, விதை எல்லாம் விஷம். சின்னப் பிள்ளைகள் அதைத் தொடவே வேண்டாம். வில்வத்தில் முள் உண்டு, அதனால் பெரியவர் கிளையைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு ஏற்றது தும்பை, நந்தியாவட்டை, பவழமல்லி. பவழமல்லி தரையில் விழுந்ததைப் பொறுக்கியே சாமிக்குப் போடலாம் என்பதால் குட்டிகளுக்கு அதுதான் உத்தமம். விடியற்காலையில் உதிர்கிற பூ, ஆகவே அதைக் காலையில் வீட்டு வேலையாகக் கொடுத்துவிடலாம். கற்றுக்கொடுக்க வேண்டியது பறிக்கிற முறை: ஒரு செடியில் இருக்கிறதில் பாதியை வண்டுக்கு விட்டுவிடுவது, மொட்டைத் தொடாமல் இருப்பது, கிளையை முறிக்காமல் காம்பைக் கிள்ளுவது. ‘ஒரு பச்சிலை’ என்றுதான் பாட்டும் சொல்கிறது, ஒரு கூடை என்று சொல்லவில்லை. தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டுகிற விளையாட்டை இந்த இடத்தில்தான் பேச வேண்டும். திட்டாமல், “அதைக் கொஞ்ச நேரம் பறக்கவிட்டுப் பார்ப்போம்” என்று எல்லோரையும் சும்மா உட்காரவைத்தால் போதும்.

அடுத்த வரிக்குக் கதை எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. திருமந்திரம் பாடிய திருமூலரின் கதைதான் அது. கயிலாயத்திலிருந்து வந்த சிவயோகி, திருவாவடுதுறைக்குப் பக்கத்துச் சாத்தனூரில் மூலன் என்கிற இடையன் செத்துக்கிடக்க, மாடுகள் அவனைச் சுற்றி நின்று அழுவதைப் பார்க்கிறார். அவற்றின் துயரம் பொறுக்காமல் தன் உடம்பை ஒளித்து வைத்துவிட்டு மூலன் உடம்பில் புகுகிறார். மாடுகள் நக்கி முகர்ந்து துள்ளுகின்றன. மாடுகள் வீடு போய்ச் சேர்வதோடு கதையை நிறுத்திவிடுங்கள். மூலனின் மனைவி வருவது, ஒளித்த உடம்பு காணாமல் போவது எல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு. திருவாவடுதுறைக்குப் போகிற வழி தெரிந்த பிள்ளைகள், “அந்த மாடெல்லாம் இந்த ரோட்டுலதான் போச்சா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் கதை இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

வாயுறை என்றதும் வீட்டில் மிஞ்சின சோறு, பொங்கல், இட்லி மாவு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாங்காதீர்கள். முப்பது பிள்ளைகள் ஆளுக்கொரு உருண்டை கொடுத்தால் மாட்டின் வயிற்றில் புளிப்பேறி உப்பிக்கொள்ளும். அகத்திக்கீரையில் ஆளுக்கொரு கொத்து, அல்லது வரப்பில் அறுத்த ஒரு பிடி அறுகு, வாழைப்பழத் தோல், இவைதான். பாலிதீன் பையோடு மாட்டின் பக்கத்திலேயே போகக் கூடாது. மாட்டுக்காரரிடம் முன்னாலேயே கேட்டு, கன்று போட்டுப் பத்துநாள் ஆகாத பசுவைத் தவிர்த்துவிடுங்கள். பின்பக்கமாகப் போகாமல், மாடு பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் நின்று, விரலை மடக்காமல் விரித்த கையில் வைத்து நீட்ட வேண்டும். பயப்படுகிற பிள்ளையைத் தள்ளாதீர்கள். தொட்டியில் தண்ணீர் ஊற்றினாலும் வாயுறைதான். மாடில்லாத தெருக்காரர்களுக்குக் கோலம் இருக்கிறது. கடையில் கோலமாவு என்று விற்பது பெரும்பாலும் வெள்ளைக்கல் பொடி, அதை எறும்பு சீண்டாது. பச்சரிசியைக் கழுவி உலர்த்தி அரைத்த மாவு கால் கிலோ இருந்தால் சின்ன வாசலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரும். மாவை எறும்பு இழுத்துக்கொண்டு போவதைப் பிள்ளைகள் ஒரு மணி நேரம்கூடப் பார்ப்பார்கள்.

ஆடிப்பெருக்கு வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். அதற்கப்புறம் ஊரில் நாலு பேர் வருவார்கள்: நவராத்திரிக்கு மேடை போடுகிறோம், உங்கள் பிள்ளைகளை வைத்து ஒப்புவித்தல் போட்டி, மாறுவேடம், பரிசு. மறுக்கவே முடியாது, ஏனென்றால் கேட்பவர்கள்தான் சுண்டலுக்குப் பணம் கொடுக்கிறவர்கள். எங்கள் 11,000 ரூபாய் போன வழி அதுதான். வேடத்துக்குத் தலைக்கு 300, 400 என்று வாடகை, மைக் செட், கோப்பைகள், தட்டிவிளம்பரம். ஆவணி முழுவதும் ஒத்திகை. பணம் போனதைவிட வயிற்றெரிச்சல் வேறு. கோப்பை கிடைத்த ஐந்து பேர் நிமிர்ந்து நடந்தார்கள், கிடைக்காதவர்களில் பலர் புரட்டாசிக்கு மேல் வகுப்புக்கே வரவில்லை. ‘நான் நாலு கோப்பை, நீ சைபர்’ என்று பிரகாரத்திலேயே பேச்சு. கருணைக்கென்று நடத்துகிற வகுப்பில் பொறாமையைக் காசு கொடுத்து வாங்கிவைத்த மாதிரி ஆகிவிட்டது.

மேடை தவிர்க்க முடியாதது என்றால் சேர்ந்து பாடுகிற ஒரே பாட்டாக ஏற்றிவிடுங்கள். திருவீழிமிழலையில் சம்பந்தர் பாடிய ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ பதிகம் இதற்கென்றே அமைந்தது. ஒவ்வொரு பாட்டும் நாலே குட்டி வரி, முதல் வகுப்புப் பிள்ளைக்கும் நாக்கு புரளும். அதன் கதையும் நம் வகுப்புக்கே உரியது. பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒரு பொற்காசு வைக்கிறார், அடியார்களுக்குச் சோறு போட. அப்பர் காசு கடையில் உடனே செல்கிறது, சம்பந்தர் காசுக்கு மாற்றுக் குறைவென்று வட்டம், அதாவது கழிவு, பிடிக்கிறார்கள், அவர் மடத்தில் சாப்பாடு நேரமாகிறது. அப்பர் கோயில் புல்லைச் செதுக்கும் உழவாரம் பிடித்துக் கையால் வேலை செய்கிறவர், அதனால் அவர் காசு நல்ல காசு. இதைச் சொல்லி முடித்ததும் துடைப்பத்தைக் கையில் கொடுத்தால் ஒரு பிள்ளைகூட முணுமுணுக்காது. பெருக்கவிடுவது கல் பாவிய திறந்த பிரகாரத்தில் மட்டும். புதர், மதில் ஓரம், கல் இடுக்கு எல்லாம் பெரியவர்களுக்கு, மழைக்குப் பிறகு பாம்பும் தேளும் அங்கேதான். கல்வெட்டு உள்ள சுவரைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ சுண்ணாம்பு அடிக்கவோ யாரையும் விடாதீர்கள்.

பரிசு அட்டவணை, நட்சத்திர ஒட்டுவில்லை இவையும் வேண்டாம். ‘இந்த வாரம் செய்த உதவி’ என்று எழுதச் சொன்னால் இரண்டாம் வாரத்திலேயே கற்பனை தொடங்கிவிடும். பாட்டியை ரோடு தாண்டவைத்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஊரில் உள்ள பாட்டிகளைவிட அதிகமாகிவிடும்.

கதைத் தேர்வில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். திருச்செங்காட்டங்குடி எங்களுக்குப் பக்கம்தான், சித்திரையில் சிறுத்தொண்டர் நினைவாக நடக்கும் அமுதுபடையல் விழாவுக்குப் பிள்ளைகளும் போகிறார்கள். ஆனாலும் சிறுத்தொண்டர் கதையைப் பத்து வயதுக்குக் கீழே சொல்லக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. பக்தியின் எல்லை அவர்களுக்குப் புரியாது, அப்பா பிள்ளையை வெட்டினார் என்பது மட்டும் ராத்திரி தூக்கத்தில் வரும். மனுநீதிச் சோழன் கதையைத் திருவாரூர் கல்தேரைக் காட்டி எல்லோரும் சொல்கிறார்கள். அதில் நிறுத்திச் சொல்ல வேண்டிய இடம், வாய் பேசாத பசு மணியடிக்க, அரசன் ஓடிவந்து கேட்கிற இடம். கன்று, இளவரசன், மந்திரி எல்லோரும் இறைவன் அருளால் எழுந்துவிட்டார்கள் என்பதை அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும், அடுத்த வாரத்துக்கு மிச்சம் வைக்கக் கூடாது. தண்டியடிகள் கதையில் கண் தெரியாதவர் இரண்டு முனையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே குளத்து மண்ணை வாரிக் கொட்டுகிற காட்சி போதும். கேலி செய்தவர்கள் பார்வை இழந்த பகுதியைச் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள், அந்தக் கைதட்டல் நமக்கு வேண்டாம். ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குக் கயிறு கட்டி, கண்ணை மூடிக்கொண்டு சின்னக் கூடை மணலை எடுத்துப்போக வைத்தால் இருபது நிமிஷம் சத்தமே இருக்காது.

மூன்றாவது வரி, கைப்பிடி. இதில்தான் நாங்கள் எதிர்பார்க்காத இடைஞ்சல் வந்தது. வாரம் ஒரு பிடி அரிசி, அளவு பிள்ளையின் சொந்தக் கை. ஏழு வயதுக் கையில் 25, 30 கிராம் பிடிக்கும், முப்பது பேர் போட்டால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறையும். கிண்ணத்தில் கொண்டுவந்தால் ‘நீ ரேஷன் அரிசி, நாங்க பொன்னி’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். வாய் குறுகின மண்பானையில், மூடிய கையை உள்ளே விட்டுத் திறக்கச் சொன்னால் அந்தப் பேச்சு நிற்கும். ஆனால் கலந்த அரிசியைச் சோறாக வடித்தால் ஒன்று குழையும், இன்னொன்று நறுக்கென்று நிற்கும். வாங்கிக்கொள்கிறவர் முகம் சுளித்தால் அதிலும் தப்பில்லை. வறுத்து நொய்யாக உடைத்துவிட்டால் கஞ்சிக்கு எல்லா அரிசியும் ஒன்றுதான். கிலோவுக்கு நூறு கிராம் பாசிப்பருப்பு சேர்த்தால் ருசியாகவும் இருக்கும். பல் போன, தனியாக இருக்கிற பெரியவர்களுக்கு அதுதான் தோது. கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் பொழுது சாய்ந்த பிறகு போய்க் கொடுத்துவிட்டு வந்தால் போதும். யாருக்குப் போனது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியதில்லை, அந்த வீட்டுப் பேரப்பிள்ளை நம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

தெருப் பிரச்சினையை மறைத்துப் பேசி லாபமில்லை. வகுப்பு தொடங்கி ஒரு மாதத்துக்குள் யாரோ ஒரு பெற்றோர், “அந்தத் தெருப் பிள்ளைங்களும் ஒண்ணா உக்காருதா?” என்று மெதுவாகக் கேட்பார். பதில் ஒரே வார்த்தையில் இருக்க வேண்டும்: “ஆமாம்.” விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேரம் தொடங்கும். இரண்டு குடும்பம் பிள்ளையை நிறுத்திக்கொண்டது, கசப்பாகத்தான் இருந்தது, நிறுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். உட்காருவதை உயரப்படி வைத்து மாதாமாதம் மாற்றுங்கள். சுண்டல் பரிமாறுவதும் தண்ணீர் ஊற்றுவதும் பெயர்ப் பட்டியல் வரிசைப்படி எல்லாப் பிள்ளைக்கும் வரவேண்டும். பாத்திரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி. இது மூன்று மாதம் ஓடிய பிறகுதான் நந்தனார் கதை. திருப்புன்கூரில் வாசலில் நின்றவருக்காக நந்தியே விலகிய இடத்தோடு நிறுத்தி, அங்கே கூட்டிப்போய் விலகி இருக்கிற நந்தியைக் காட்டலாம். ‘உங்கள் ஆள்’ என்று எந்தப் பிள்ளையையும் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது, பார்வைகூட அந்தப் பக்கம் போகக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வகுப்பை விழுங்கிவிடும். மண்டபம் ஒழுகும், வாய்க்கால் வழி நிறையும், மின்சாரம் போய்ப்போய் வரும். பிள்ளைகள் குறைந்தால் மனம் தளர வேண்டியதில்லை, வருவதை வைத்து நடத்துங்கள். பலத்த மழை எச்சரிக்கை இருந்தால் காலையிலேயே வகுப்பு இல்லை என்று தகவல் போய்விட வேண்டும். குடையோடு வந்து திரும்பிப்போன பிள்ளை அடுத்த வாரம் வராது.

மார்கழியில் தானாகவே கூட்டம் திரும்பும், பாதி பொங்கலுக்காக. இருக்கட்டுமே. நாலாவது வரியான இன்னுரைக்கு அதுதான் காலம். திருப்பாவை இரண்டாம் பாட்டில் ‘ஐயமும் பிச்சையும் ஆந்தனையும் கைகாட்டி’ என்பதும் ‘தீக்குறளைச் சென்றோதோம்’ என்பதும் சேர்ந்தே வருகின்றன. கோள் சொல்ல மாட்டோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அடிபட்ட பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். நாங்கள் வைத்த வழி: ஒருவரை மாட்டிவிடச் சொன்னால் கோள், ஒருவரைக் காப்பாற்றச் சொன்னால் உதவி. யாராவது அடித்தாலோ, தொடக்கூடாத விதத்தில் தொட்டாலோ, ரகசியம் காக்கச் சொன்னாலோ, அம்மாவிடமோ டீச்சரிடமோ உடனே சொல்வதுதான் சரி, 1098க்கும் கூப்பிடலாம். இதை விட்டுவிட்டு இனிய சொல்லை மட்டும் பேசுகிற வகுப்பு பிள்ளைகளுக்கு ஆபத்து. இன்னுரைக்குப் பயிற்சி பட்டப்பெயரில் தொடங்கும்: மண்டபத்துக்குள் எல்லோரையும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், நாங்களும்தான்.

எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும்: “எங்க வீட்ல கோழி அடிப்பாங்க, அது பாவமா?” குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். ஏழு வயதில் அப்பா அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பிள்ளை உடைந்துபோகும், வகுப்பும் உடையும். வீட்டுச் சாப்பாட்டை வீட்டார் பார்த்துக்கொள்வார்கள், விளையாட்டுக்காக எந்த உயிரையும் வலிக்கவைக்காமல் இருப்பது நம் பொறுப்பு. இந்த வயதுக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். சைவப் பெரியவர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

தையில் சம்பா அறுப்பு. பெற்றோர் களத்தில், பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில். கைக்குழந்தையோடு வந்தாலும் உள்ளே விடுங்கள். மாசியில் பழைய வேகம் வந்துவிடும். பங்குனியில் பறவைத் தண்ணீர்த் தட்டு. திங்களூரில் அப்பூதியடிகள் நாவுக்கரசர் பேரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த கதையோடு அது பொருந்தும். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் இல்லாத மண்தட்டு, நடுவில் குருவி நிற்க ஒரு கல், நிழலில், பூனை பதுங்க முடியாத உயரத்தில். தண்ணீரைத் தினமும் கொட்டி, வாரத்தில் இரண்டு நாள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்க்காவிட்டால் ஓரத்தில் ஒட்டின கொசு முட்டை அப்படியே இருந்து பொரியும், டெங்குவுக்கு நாமே இடம் கொடுத்ததாகும். முழுப் பரீட்சை சமயத்தில் இந்தத் தட்டுகள்தான் கவனிப்பாரற்றுப் போகின்றன. தட்டின் அடியில் இரண்டு பிள்ளைகள் பெயரைச் சாக்பீஸால் எழுதிவிடுங்கள், ஒருவர் பாட்டி வீட்டுக்குப் போனால் மற்றவர் ஊற்றட்டும்.